கேப்டன் அமெரிக்காவிலிருந்து ஸ்பேஸ் மரீன் வரை: மினியேச்சர் சேர்க்கவும் வண்ணம் தீட்டவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மேசை விளையாட்டுக்கான சூப்பர் ஹீரோ மினியேச்சர்களும் அறிவியல் புனைகதை மினியேச்சர்களும் கடையில் ஒரே அலமாரியில்தான் இருக்கும். தூரிகையை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் வேறு வேறு வேலை என்று புரியும். கேப்டன் அமெரிக்கா ஒருவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் பார்த்த உடனே அவர் யாரென்று தெரிய வேண்டும். ஸ்பேஸ் மரீன்கள், அதாவது ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டின் கவசம் போட்ட வீரர்கள், ஐந்தும் பத்துமாக வருவார்கள். அங்கே ஒரே ஒருவனை அழகாகத் தீட்டி என்ன பயன், எல்லோரும் ஒரே படையாகத் தெரிய வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

இந்த வழிகாட்டிக்கு இரண்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அட்டாமிக் மாஸ் கேம்ஸ் 2019-ல் கொண்டுவந்த ‘மார்வெல்: கிரைசிஸ் புரோட்டோகால்’. மற்றொன்று, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987 முதல் வெளியிட்டுவரும் ‘வார்ஹாமர் 40,000’. முறை தெரிந்துவிட்டால் ‘ஸ்டார் வார்ஸ்: லீஜன்’ போன்ற மற்ற விளையாட்டுகளுக்கும் அதுவே போதும்.

1. எதை வாங்குவது

முதலில் அளவு. கிரைசிஸ் புரோட்டோகால் உருவங்கள் ஏறக்குறைய 40 மி.மீ. அளவுகோலில் செய்யப்பட்டவை. வார்ஹாமர் அதைவிடச் சிறியது, 28 மி.மீ. மரபிலிருந்து வந்து காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. 2017-ல் வந்த பிரைமாரிஸ் வகை ஸ்பேஸ் மரீனைப் பழைய மரீன் பக்கத்தில் நிறுத்தினால் உயர வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆகவே பல விளையாட்டுகளின் உருவங்களைக் கலந்து ஒரே காட்சியாக அடுக்க நினைப்பவர்கள் பெட்டியில் உள்ள அளவைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சூப்பர் ஹீரோ பக்கம் தொடங்க கிரைசிஸ் புரோட்டோகாலின் முதல் கோர் பெட்டி (தொடக்கப் பெட்டி) நல்ல உதாரணம். அதில் பத்துப் பேர்: கேப்டன் அமெரிக்கா, அயர்ன் மேன், ஸ்பைடர்மேன், கேப்டன் மார்வெல், பிளாக் விடோ ஒரு பக்கம், ரெட் ஸ்கல், அல்ட்ரான், டாக்டர் ஆக்டோபஸ், பாரன் ஜீமோ, கிராஸ்போன்ஸ் எதிர்ப்பக்கம். சிவப்பு, நீலம், கறுப்பு, உலோகம், தோல் என்று ஒரு தீட்டுபவர் பழக வேண்டிய எல்லாமே இந்தப் பத்துப் பேரில் வந்துவிடுகின்றன. ஆட்டத்துக்கு ஒருவர் தயாரிக்கும் பட்டியலிலும் பத்துப் பாத்திரங்கள்தான். அவர்களில் நான்கைந்து பேர்தான் ஒரு நேரத்தில் மேசையில் இறங்குவார்கள். அதனால் இந்தப் பத்துப் பேரை முடிக்கும் வரை அடுத்த பெட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வார்ஹாமரில் நேராகப் பெரிய படைக்குப் போவதை விட ‘கில் டீம்’ என்ற சிறிய ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேருக்குள் முடிந்துவிடும்; மரீன்கள் என்றால் அதைவிடவும் குறைவு. அந்தப் பிரிவை ரசித்துத் தீட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஒரு சிறு படையே அடங்கிய ‘காம்பாட் பட்ரோல்’ பெட்டி வாங்கலாம்.

தீட்ட விருப்பமில்லை, சேர்ப்பதில்தான் ஆர்வம் என்றால் விஸ்கிட்ஸ் 2002-ல் தொடங்கிய ‘ஹீரோகிளிக்ஸ்’ இருக்கிறது. அவை வண்ணம் தீட்டியே வருபவை. பின்னால் ஒருநாள் அவற்றை மறுபடி தீட்ட ஆசை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட மென்மையான பிளாஸ்டிக் மேல் சில ஸ்ப்ரே பிரைமர்கள் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) காயாமல் பிசுபிசுத்தே கிடக்கும். அதற்குத் தூரிகையால் பூசும் பிரைமர்தான் சரி.

பழைய உருவங்கள் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1990-களுக்கு முந்தைய உலோக மினியேச்சர்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அவற்றை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தொட்ட பிறகு கை கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் உருவங்களையும் நிறையப் பேர் வாங்குகிறார்கள். வீட்டில் வைக்கத் தடையில்லை, ஆனால் அதிகாரபூர்வப் போட்டிகளில் பொதுவாக நிறுவனத்தின் சொந்த உருவங்களைத்தான் ஏற்பார்கள். ரெசினைத் தேய்ப்பதானால் ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

2. கருவிகள்

ஸ்ப்ரூ என்று சொல்லும் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்ட ஒரு நிப்பர், கூரான ஹாபி கத்தி, மெல்லிய அரம், பிளாஸ்டிக் பசை. இவ்வளவுதான் தொடக்கம். பிளாஸ்டிக் பசையில் டாமியாவின் பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின் எனக்குப் பிடித்தது. அது பாலிஸ்டைரீனைக் கொஞ்சம் உருக்கி இரண்டு பாகங்களையும் ஒன்றாகவே ஆக்கிவிடும். அதே காரணத்தால் ரெசினிலும் உலோகத்திலும் அது ஒட்டாது. அங்கே ஃபெவிக்விக் வகை பசைதான் வேண்டும். இடைவெளி நிரப்ப வெளிநாட்டுப் புட்டி கிடைக்கவில்லை என்றால் ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும். நுணுக்கமாகச் செதுக்க வராது, தோள் இடுக்கை அடைக்க தாராளமாக வரும்.

தூரிகையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கொலின்ஸ்கி என்ற கீரி போன்ற விலங்கின் முடியில் செய்த 2-ம் எண் ஒன்று, 1-ம் எண் ஒன்று. வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 இதில் பேர் பெற்றது. 1866-ல் விக்டோரியா அரசி சொல்லிச் செய்த வரிசை. பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று எண் போட்ட மிகச் சிறிய தூரிகைகளைக் கண்டு மயங்க வேண்டாம். அவை பிடிக்கும் துளி வண்ணம் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கண் தீட்டக்கூட நல்ல முனையுள்ள 1-ம் எண்ணே மேல். உலோக வண்ணத்துக்கும் டிரை பிரஷ்ஷுக்கும் (ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) பழைய செயற்கை முடித் தூரிகைகளைத் தனியாக வையுங்கள். தகரப் பிடி வரை வண்ணம் ஏற விடாதீர்கள், தண்ணீர்க் குவளையில் தூரிகையைத் தலைகீழாக நிற்க வைக்காதீர்கள்.

வண்ணங்கள் ஒரு டஜன் போதும்: கறுப்பு, வெளிர் சாம்பல், வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு, அடர் நீலம், வெளிர் நீலம், பழுப்பு, எலும்பு நிறம், தோல் நிறம், வெள்ளி, தங்கம். அவற்றோடு பள்ளங்களில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணமான வாஷ்: கறுப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்று. வல்லேஹோ, ஆர்மி பெயின்டர் சொட்டு பாட்டில்களில் வருகின்றன. சிட்டடெல் திறந்த டப்பாவில். பாட்டில் என்றால் துளி எண்ணிக் கலக்கலாம், அடுத்த முறையும் அதே நிறம் வரும். படை தீட்டுபவர்களுக்கு இது பெரிய வசதி.

வண்ணத்தைக் காயாமல் வைக்கும் ஈரத் தட்டான வெட் பேலட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூடியுள்ள தட்டையான டப்பா, அதில் நனைத்த ஸ்பாஞ்ச் அல்லது டிஷ்யூ, மேலே பேக்கிங்குக்கான பட்டர் பேப்பர். மின்விசிறி ஓடும் அறையில் சாதாரணத் தட்டில் வைத்த வண்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். இதில் வைத்தால் மூடி போட்டு மறுநாளும் எடுத்துத் தீட்டலாம்.

3. வெட்டுவது, சுத்தம் செய்வது, ஒட்டுவது

நிப்பரால் பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கத்தியின் முதுகை வைத்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சூப்பர் ஹீரோக்களில் இது மிக முக்கியம். உடலோடு ஒட்டிய வழவழப்பான உடையில் தொடை ஓரம் ஒரு கோடு நின்றுவிட்டால், வாஷ் போட்டதும் அது கறுத்து எழுந்து நிற்கும். கவசம் போட்ட மரீனில் பாதியை மறைத்துவிடலாம். ரெசின் உருவமாக இருந்தால் ஒட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கி கொண்டு கழுவுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசும் வழுக்குப் பொருள் மேலேயே இருந்தால் வண்ணம் உரிந்துவரும்.

எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுத் தீட்டுவதா, பிரித்துத் தீட்டுவதா? தூரிகை எட்டாத இடம் இருந்தால் பிரித்து வையுங்கள். கேடயம் தனி, பெரிய துப்பாக்கியை மார்போடு அணைத்திருக்கும் கை தனி. மற்றதெல்லாம் ஒட்டிவிடலாம். பிரித்து வைக்கும் பாகத்தில் பசை படும் இடத்தை டேப்பால் மூடிவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும். வண்ணம் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் பசை பிடிக்காது.

4. பிரைமர்

நல்ல உருவங்கள் பெரும்பாலும் பாழாவது இந்தக் கட்டத்தில்தான். ஸ்ப்ரேயை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரம். உருவத்துக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்துபோய், வெளியே நிறுத்துங்கள். ஒரே அடியில் மூட நினைக்காமல் இரண்டு மூன்று மெல்லிய அடி. முகக்கவசத்தோடு, திறந்த வெளியில்.

காற்றில் ஈரப்பதம் அதிகம் இருந்தால் வண்ணம் உருவத்தில் படிவதற்குள் கெட்டு, மேற்பரப்பு சொரசொரவென்று ஆகும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம், கொழும்பு மாதிரி கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ஆண்டின் பாதி நாளும் உள்ள தொல்லை. மழைக்காலத்தில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். வல்லேஹோவின் சர்ஃபேஸ் பிரைமரைத் தூரிகையால் மெல்லியதாக இரண்டு முறை பூசி ஒருநாள் முழுக்கக் காய விடுங்கள். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு நுணுக்கமும் அழியாது.

நிறம்? சூப்பர் ஹீரோக்களுக்கு நான் சிபாரிசு செய்வது கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையை லேசாகத் தூவுவது. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று உருவமே காட்டிவிடும். அந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, தீட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள். படைக்கு இந்தச் சிரமம் வேண்டாம். படையின் முதன்மை நிறத்திலேயே ஸ்ப்ரே அடித்தால் பாதி வேலை முடிந்தது.

5. கேப்டன் அமெரிக்கா: ஒருவரை மட்டும் தீட்டுவது

வண்ணத்தைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். பயப்படாமல் காய விட்டு இரண்டாவது பூசுங்கள். தடியாக ஒரு பூச்சு போட்டால் செதுக்கிய மடிப்புகள் மூடிவிடும்.

காமிக்ஸ் உடையில் முதலில் நீலம். அடர் நீலத்தை எங்கும் பூசி, நீலத்தோடு துளி கறுப்பு கலந்து அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் இறக்குங்கள். மேல் பார்த்த பரப்புகளில் வெளிர் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றுங்கள். அப்புறம் சிவப்பு: கையுறை, காலணி, வயிற்றுப் பட்டைகள். சிவப்பை வெள்ளை கலந்து வெளுக்காதீர்கள், இளஞ்சிவப்பாகிவிடும். ஆரஞ்சு கலந்தால் சூடு குறையாமல் வெளிச்சம் ஏறும்.

வெள்ளைப் பட்டைகளுக்கு எடுத்த எடுப்பில் வெள்ளை வேண்டாம். வெளிர் சாம்பலில் தொடங்குங்கள், அதன்மேல் எலும்பு நிறம் கலந்த வெள்ளை, மேல் விளிம்பில் மட்டும் சுத்த வெள்ளை. நேராக வெள்ளையில் தொடங்கினால் அதற்கு மேல் ஏற இடம் இருக்காது. சுண்ணாம்புத் தூள் மாதிரி திரிந்தும் போகும்.

கேடயத்துக்கு வருவோம். வெளியிலிருந்து உள்ளே சிவப்பு, வெள்ளை, சிவப்பு, நடுவில் நீல வட்டம், அதில் வெள்ளை நட்சத்திரம். கேடயத்தைப் பல்குச்சி முனையில் புளூடாக் (கழற்றி மீண்டும் ஒட்டும் களிமண் போன்ற பசை) வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். முழுவதும் வெளிர் சாம்பல் பூசுங்கள். வளையங்களின் எல்லை செதுக்கப்பட்டிருந்தால் அதுவே வழிகாட்டும். இல்லையென்றால் காம்பஸ் முனையை நடுவில் மெதுவாக ஊன்றி பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். இப்போது தூரிகை பிடித்த கையை மேசையில் அழுத்தி அசையாமல் வைத்துவிட்டு, மறு கையால் பல்குச்சியைச் சுழற்றுங்கள். கை வளைந்து வட்டம் போட முயல்வதை விட இது பல மடங்கு நேராக வரும். சிவப்பு இரண்டும் முடிந்ததும் நடு நீலம். நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகளில் ஐந்து புள்ளி வையுங்கள். மேல் புள்ளி நேர் உச்சியில், மற்றவை சம தூரத்தில். ஒவ்வொன்றிலிருந்தும் நடுவை நோக்கி ஒரு கோடு இழுத்து இடுக்குகளை நிரப்புங்கள். கோணல் இருக்கத்தான் செய்யும். நீலத்தை எடுத்து வெளியிலிருந்து விளிம்புகளை வெட்டிச் சீர்செய்யுங்கள். நட்சத்திரம் கூர்மையாவது இந்த நீலத்தால்தான். கடைசியாகக் கேடயத்தின் மேல்பக்க விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளிக் கோடு.

சிவப்புக் கையுறை நீலச் சட்டையைத் தொடும் இடத்தில் மிக மெல்லிய கறுநீலக் கோடு ஒன்று போடுங்கள். நிறங்கள் தூரத்திலிருந்தும் கலக்காமல் நிற்பது இந்தக் கோட்டால்தான். சூப்பர் ஹீரோ உருவத்துக்கு நான் கட்டாயம் என்று சொல்லும் ஒரே நுட்பம் இது.

கண் வேண்டுமா? முகமூடி துளையில் அடர் பழுப்பு, அதன் நடுவில் எலும்பு நிறத்தில் சிறு கீற்று, அதற்குக் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. புள்ளி வைத்தால் முழித்துப் பார்ப்பார்.

அயர்ன் மேனுக்கு வேறு வழி: முழுக்க வெள்ளி பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. சிட்டடெல் 2019-ல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணம் அல்லது டாமியாவின் கிளியர் ரெட். அடியிலிருக்கும் வெள்ளி சிவப்பு வழியாக மின்னும். மார்பு ஒளிவட்டத்தில் நடுவே வெள்ளை, சுற்றி வெளிர் நீலம். அந்த ஒளியைப் பார்த்திருக்கும் பரப்புகளில் மட்டும் தண்ணீராகக் கரைத்த நீலம். முதுகுப் பக்கம் தெரியும் இடத்தில் பூசிவிட்டால் ஒளி என்ற நம்பிக்கையே போய்விடும்.

6. ஸ்பேஸ் மரீன்கள்: ஐந்து பேரை ஒன்றாக

ஸ்பேஸ் மரீன்களில் ஒரு பிரிவான அல்ட்ராமரீன்ஸின் நீலத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் பெயர்களெல்லாம் சிட்டடெல் வண்ணங்களுடையவை. மக்ராக் புளூ ஸ்ப்ரே. கவச இணைப்புகளில் மட்டும் நல்ன் ஆயில் வாஷ். தட்டையான பரப்பில் தேங்கினால் ஈரத் தூரிகையால் உடனே உறிஞ்சி எடுங்கள், காய்ந்தால் கறையாக நிற்கும். விளிம்புகளில் கால்கர் புளூ, மிகக் கூரான முனைகளில் மட்டும் ஃபென்ரிசியன் கிரே. தூரிகை நுனியால் கோடு வரையாதீர்கள். முடியின் பக்கவாட்டை விளிம்பின் மேல் வைத்து இழுங்கள்.

ஒரு நிறத்தை ஐந்து பேருக்கும் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். ஐந்தாமவனை முடிக்கும்போது முதலாமவன் காய்ந்திருப்பான். பத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் சலிப்பு வந்து பாதியில் நிற்கும். துப்பாக்கி உறை கறுப்பு, மார்புச் சின்னம் தங்கம், பிரிவை நடத்தும் சார்ஜென்டுக்குச் சிவப்புத் தலைக்கவசம். கூடுதல் நேரத்தை அவருக்குக் கொடுங்கள், எல்லோருடைய பார்வையும் அங்கேதான் போகும். கண் கண்ணாடிக்கு அடர் சிவப்பு, முன்பக்கக் கீழ் மூலையில் ஆரஞ்சு, எதிர் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

தோள்பட்டைச் சின்னத்தைக் கையால் வரைய வேண்டியதில்லை, பெட்டியிலேயே தண்ணீரில் நனைத்து ஒட்டும் டிரான்ஸ்ஃபர் தாள் இருக்கும். ஆனால் தட்டைத் தாள் உருண்டைத் தோளில் சுருங்கும். தோளில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காய விடுங்கள். சின்னத்தின் ஓரங்களில் படத்தைத் தொடாமல் சிறு வெட்டுகள் போடுங்கள். ஒட்ட உதவும் திரவமான மைக்ரோ செட் தடவி ஒட்டி, மேலே அதை மென்மையாக்கும் மைக்ரோ சோல் தடவுங்கள். சில நிமிடம் சுருங்கிப் பயமுறுத்தும், தொடாதீர்கள். காய்ந்ததும் தோளோடு படிந்துவிடும். அதன்மேல் மங்கல் வார்னிஷ் வந்தால் தாள் ஒட்டிய அடையாளமே தெரியாது.

7. அடித்தளமும் வார்னிஷும்

உடைந்த கார்க் துண்டு, சலித்த மணல், ஃபெவிகால். நகரத் தெருவுக்கு இவ்வளவுதான். சாம்பல் பூசி, கறுப்பு வாஷ், வெளிர் சாம்பல் டிரை பிரஷ். விளிம்பைச் சுத்தமான கறுப்பால் முடியுங்கள். ஒரு தொகுப்பு முழுக்க ஒரே வகை அடித்தளம் இருந்தால், வெவ்வேறு காலத்தில் தீட்டியவர்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள்.

விளையாடும் உருவம் கைபடும், ஆகவே வார்னிஷ் கட்டாயம். மங்கல் வார்னிஷ் இரண்டு பூச்சு, அதன்பின் கண்ணாடி, ஒளிவட்டம் ஆகியவற்றில் மட்டும் பளபளப்பு. ஸ்ப்ரே வார்னிஷுக்கும் பிரைமருக்குச் சொன்ன ஈரப்பத விதியே. மழைநாளில் அடித்தால் முடித்த உருவம் வெள்ளைப் புகை படிந்து நிற்கும்.

8. வைத்துக் காப்பது

அடித்தளத்துக்குக் கீழே சிறிய நியோடிமியம் காந்தம் ஒட்டி, தகரத் தகடு வைத்த பெட்டியில் நிறுத்துங்கள். பயணத்தில் உரசாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் காந்த வேலையை அவர்கள் இல்லாத நேரத்தில் செய்து, உதிரிகளைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் குடலில் பெரிய ஆபத்து. நிறுத்தி வைத்த காரில் உருவங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் ரெசின் வாள்களும் மெல்லிய கைகளும் வளைந்துவிடும். கண்ணாடி அலமாரி என்றால் நேர் வெயில் படாத சுவர்.

பழைய வண்ணத்தை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சிறிது நேரம் ஊறவைத்துப் பல் துலக்கியால் தேய்த்தால் போதும். அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

ஒரு நோட்டில் உருவத்தின் பெயர், வாங்கிய தேதி, விலை, பூசிய வண்ணங்களின் வரிசை எல்லாம் எழுதி வையுங்கள். கலந்த நிறமாக இருந்தால் எத்தனை துளிக்கு எத்தனை என்பதையும். இரண்டு ஆண்டு கழித்து அதே படைக்கு இன்னும் ஐந்து மரீன்கள் சேர்க்கும்போது, அல்லது கேடயத்தில் ஒரு மூலை உரிந்துபோகும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே சிவப்பைக் கலக்கலாம்.